நாய்க்கடியும் காவடிக் காப்பும்

நாய் கடித்தவனைப் பற்றி நான் என்றைக்குமே அதிகம் கவலைப்பட்டதில்லை. அவனைச் சுற்றி நின்றுகொண்டு யோசனை சொல்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறேன். நாய் ஒரு தடவை கடித்துவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விடும். இவர்கள் விடமாட்டார்கள். ஒருவர் மஞ்சள் என்பார், இன்னொருவர் சுண்ணாம்பு என்பார், மூன்றாமவர் மிளகாயை அரைத்து வைத்தால் விஷம் ஓடிவிடும் என்பார். மிளகாய் வைத்து நான் பார்த்தவரையில் ஓடியது கடிபட்டவன்தான்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பூனை என் கையைக் கடித்துவிட்டது. சோற்றுத் தட்டை நகர்த்தப் போனேன், தவறு என்னுடையது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண் தோளில் ஒரு ஊசியைப் போட்டுவிட்டு, "அங்கிள், அந்தக் காலத்துல நாய்க் கடிக்கு வயித்துல ஊசி போடுவாங்களாமே, நெசமா?" என்று சிரித்தாள். நிஜம்தான் என்றேன். நம்பவில்லை. அதற்கு முந்திய வாரம் ஒருவர் நாய் கடித்த காலில் பற்பசையைத் தடவிக்கொண்டு வந்தார் என்று அவளே சொன்னாள். ஆக, நாடு முன்னேறியிருக்கிறது. மஞ்சள் இருந்த இடத்துக்குப் பற்பசை வந்துவிட்டது. எழுதிக் கொடுங்கள் அங்கிள், நாலு பேர் படிக்கட்டும் என்றாள். படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் டிரஸ்ஸராகச் சேர்ந்தபோது மலாயா இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு, டாக்டர் வந்து சேரும்வரை நோயாளியையும் அவன் சொந்தக்காரர்களையும் சமாளிப்பவர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டுத்துணி சுற்றினோம், கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைத்தோம், திட்டு வாங்கினோம். புத்தகத்தில் நாய்க்கடியை அமிலத்தால் சுடு என்று போட்டிருந்தது. பாம்புக்கடியை இறுக்கிக் கட்டிக் கீறிவிடு என்று போட்டிருந்தது. அதை அப்படியே ஒப்பித்துத் தேறினோம். புத்தகம் எழுதிய புண்ணியவானை ஒரு பாம்பும் கடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

தொழில் என்று நான் கற்றதெல்லாம் செல்லத்துரை ஐயாவிடம். யாழ்ப்பாணத்துக்காரர், மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநோயாளிப் பகுதிக்கு மூத்த டிரஸ்ஸர். நெற்றியில் திருநீறு, வாயில் ஏச்சு. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையின் மடிப்பு மத்தியானம்வரை கலையாது. யாராவது நாய் கடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு வந்தால் அவர் காயத்தைப் பார்க்கமாட்டார், ஆளையும் பார்க்கமாட்டார். முதல் கேள்வி, "நாய் எங்க?"

வந்தவனுக்குக் கோபம் வரும். கடிபட்ட நான் இங்கே நிற்கிறேன், நாயை விசாரிக்கிறாரே என்று. காரணம் இருந்தது. கடித்த நாயைக் கட்டிப்போட்டுச் சோறு போட்டுப் பத்து நாள் பார்க்கவேண்டும். அது தெம்பாக இருந்தால் கடித்தபோது அதற்கு வெறி இல்லை, கடிபட்டவனுக்கும் பயம் இல்லை. நம்மவர்களோ முதலில் நாயை அடித்துக் கொல்வார்கள். கொன்று ஆற்றில் எறிந்துவிட்டு, ஏதோ புலியைக் கொன்றவர்கள் போல வந்து நிற்பார்கள். இருந்த ஒரே சாட்சியையும் ஆற்றில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர் என்பார் ஐயா. அவர்களுக்குப் புரியாது.

அதன்பிறகு கழுவுவார். இதை நான் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் ஒருவரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுவார். குழாயைத் திறந்து, காயத்தை ஓடுகிற தண்ணீருக்கு நேராகப் பிடிப்பார். சோப்பு நுரை பல் இறங்கிய துளைக்குள்ளும் போகும்படி கட்டைவிரலால் ஓரத்தை விரித்துவிடுவார். நுரை போடுவது, கழுவுவது, மறுபடி நுரை போடுவது. கழுவும்போது தேவாரப் பதிகம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், அது முழுக்க முடியும்வரை குழாயை மூடமாட்டார். பக்தி என்று நினைத்து நான் ஒருநாள் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுகிறவன் பாதியிலே கையை எடுத்துவிடுவான், பதிகத்தைப் பாதியில் விட எனக்கு மனம் வராது, அதற்காகத்தான் என்றார். கழுவி முடிந்ததும் அயோடின். மேலே இறுக்காமல் ஒரு துணி. தையல் கிடையவே கிடையாது. நாய் கடித்த காயத்தை உடனே தைக்கிறவன், உள்ளே போன கிருமிக்குக் கதவைச் சாத்திக் கொடுக்கிறான் என்பது அவர் கட்சி.

அந்த அறைக்கு வந்த கூத்துகளை எழுதப் போனால் முடியாது. புக்கிட் பாருவில் டுரியான் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கால்விரலில் பாம்பு கடித்தது. கூட இருந்த இரண்டு தம்பிமார்கள் சைக்கிள் ட்யூபை வெட்டித் தொடையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால் இறைச்சிக்கடையில் கட்டுவது போல. போதாதென்று பாராங் கத்தியால் விரலைக் கீறி, ஒருத்தன் வாய் வைத்து உறிஞ்சியிருக்கிறான், அவனுக்கோ சொத்தைப் பல். காலை ஆட்டாமல் அசைக்காமல் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் போதும். இவர்கள் அவரை ஓடவைத்தே கூட்டிவந்தார்கள். பாம்பையும் அடித்துக் கோணியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஐயா கோணியைத் திறந்து பார்த்தார். எலி பிடித்துத் தின்னும் விஷமில்லாத சாதி. பாம்பு செய்யாத வேலையை ட்யூப் செய்திருந்தது, கால் முட்டிக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. மனிதர் கடைசிவரை நொண்டினார். தம்பிமார்கள் கடைசிவரை தாங்கள்தான் அண்ணன் உயிரைக் காப்பாற்றினோம் என்று சொல்லித் திரிந்தார்கள்.

கிளேபாங்கில் தேங்காய் பறிக்கும் குரங்கு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு வாழைப்பழத்தைக் காட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். இரண்டு தடவை பொறுக்கும், மூன்றாவது தடவை விரலோடு வாங்கிக்கொள்ளும். திங்கட்கிழமை காலையில் எங்களிடம் வருவார்கள். சும்மா இருந்தேன், கடித்துவிட்டது என்பார்கள். நாற்பது வருடத்தில் சும்மா இருந்த மனிதனைக் கடித்த மிருகத்தை நான் பார்த்தது மிகக் குறைவு. தின்கிற நாயைத் தொடுவான். குட்டி போட்ட நாயின் குட்டியைத் தூக்குவான். இரண்டு நாய்கள் சண்டை போட்டால் நடுவில் கையை விடுவான், ஏதோ சமரசம் பேசப்போகிற மாதிரி. ஓடாதே, கண்ணுக்கு நேராக முறைக்காதே, மரம் மாதிரி நின்றுவிட்டு மெல்லப் பின்வாங்கு என்றால் கேட்கமாட்டான். ஓடுவான். ஓடுகிறதைத் துரத்துவதுதான் நாயின் பிறவிக் குணம் என்பது ஓடுகிறவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதிவிடலாம். முனியாண்டி விஷயத்தை அப்படி எழுத முடியவில்லை.

சுதந்திரத் தேதியைச் சொல்லப் போகிறார்கள், திடலில் பெருங்கூட்டம் கூடப்போகிறது என்று ஊரே பரபரப்பாக இருந்த சமயம். திடலைச் சுற்றிப் புல் வெட்டினார்கள், சாக்கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருநாய்களையும் ஒழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பெரிய மனிதர்கள் பேசும்போது நாய் குறுக்கே ஓடினால் நாட்டுக்கு அவமானமாம். வெறிநாய்ப் பேச்சும் அந்த வருடங்களில் அடிக்கடி அடிபட்டது, அதனால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நாய் பிடிக்கும் கூட்டத்தில் முனியாண்டி இருந்தான். நீளக் கம்பின் நுனியில் கயிற்றுச் சுருக்கு. அதை நாயின் கழுத்தில் மாட்டி அவன் இழுத்துப் பிடித்தால், கூட வந்தவன் சுடுவான். வேலையில் கெட்டிக்காரன். அதுதான் தொல்லை. சின்னச் சின்னக் கடிகள் பல வாங்கியிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. தன் உடம்பு நாய்ப்பல்லுக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தெங்கேராவில் மீன் காயவைக்கும் கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு செம்பட்டை நாய் அவன் வலது கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கடித்துவிட்டது. மறுநாள் காலையில் அவனை வேலை வாங்கும் மண்டோர் அவனை எங்களிடம் தள்ளிக்கொண்டு வந்தார். காயத்தின்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் விபூதி. மணிக்கட்டில் மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு. மாசி மகத்துக்குக் காவடி எடுப்பதற்காக விரதம் இருந்தான்.

"நாய் எங்க?" என்றார் செல்லத்துரை ஐயா.

சுட்டு, அன்றைக்கே மற்ற நாய்களோடு குழியில் போட்டு எரித்துவிட்டார்களாம். தலையாவது இருந்ததா என்றார் ஐயா. தலையைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பினால் சோதித்துப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். தலையும் எரிந்துபோயிற்று. நாய் எப்படி இருந்தது என்று கேட்டார். முனியாண்டி சாதாரணமாகச் சொன்னான். குரைக்கவில்லை, கீழ்த்தாடை தொங்கிப்போய் எச்சில் வடிந்தது, சுருக்கைக் காட்டியும் ஒதுங்காமல் நேராக வந்தது என்றான். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏச்சை நிறுத்தியதை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

அவன் கையைக் குழாயடிக்கு இழுத்துச் சுண்ணாம்பைக் கழுவிவிட்டு ஐயா சோப்பை எடுத்தார். முனியாண்டி கையை உருவிக்கொண்டான். சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாம், விரதத்தில் படக்கூடாதாம். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். கடிபட்ட நேரத்திலிருந்து அந்தக் காயம் சோப்பையே பார்க்கவில்லை.

"அப்ப நாயின்ர எச்சில் சைவமோ?" என்றார் ஐயா.

அவன் கையை நீட்டவில்லை. ஐயா எனக்குக் கண் காட்டினார். எதிரில் இருந்த சீனர் கடைக்கு ஓடி, துணி துவைக்கிற தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரத்தில் ஒரு கட்டி வாங்கிவந்தேன். கடைக்காரரைக் கேட்டுவந்து நான், தேங்காயைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் முனியாண்டி கையைக் கொடுத்தான். ஐயா பதிகத்தை ஆரம்பித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடினார். நான் அங்கிருந்த காலத்தில் அவர் இரண்டு தடவை பாடியது அந்த ஒரு கைக்குத்தான்.

அடுத்தது ஊசி. வெறிநாய்க்கடிக்கு அப்போது இருந்த மருந்து தம்பின் ஸ்டேஷன்வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டியில் பனிக்கட்டிப் பெட்டியோடு வரும், அந்த வாரம் கையிருப்பு இருந்தது. வயிற்றுத் தோலுக்கு அடியில், தினம் ஒன்றாக, இரண்டு வாரம். ஒரு நாளும் விடக்கூடாது. முனியாண்டி அதற்கும் தலையாட்டியிருப்பான். அந்த நேரம் பார்த்து எங்கள் அட்டெண்டன்ட் கோவிந்தன், தனக்குத் தெரிந்த ஒரே வைத்திய விஷயத்தை எடுத்துவிட்டான். "அது ஆட்டு மூளையில செய்யுற மருந்துடா. நல்லாக் கேக்கும்."

அவன் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்து மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்ததுதான். ஆனால் ஓர் உண்மையை எங்கே, யாரிடம், எப்போது சொல்லக்கூடாதோ அங்கே, அவரிடம், அப்போது சொல்வதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். முனியாண்டி எழுந்து நின்றான். கவுச்சி வாசனைகூடப் படாமல் விரதம் இருக்கிறவன் வயிற்றுக்குள்ளே ஆட்டு மூளையை ஏற்றப் போகிறோம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்றான். மகம் முடிந்து காப்பை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்றான். மகத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. அந்தக் கடிக்கு அவ்வளவு நாள் கொடுக்க முடியாது. கையில் கடித்த கடி, காலில் கடித்ததைவிடச் சீக்கிரம் தலைக்கு ஏறும்.

அது வேறு மருந்து, கோவிந்தன் உளறுகிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். ஐயா கையைக் காட்டி அடக்கிவிட்டார். அவன் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இண்டைக்குப் பொய் சொல்லி ஒரு ஊசி போடலாம் தம்பி. நாளைக்கு ஆரும் உண்மையச் சொன்னா அவன் வருவானோ? ஒரு ஊசியால என்ன பிரியோசனம்?"

அன்று வேலை முடிந்ததும் நான் அவன் வீட்டுக்குப் போனேன். காஜா பேராங்கில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து அவர்கள் இருந்த லயன் வீட்டு வரிசை எட்டி நடக்கிற தூரம். காவடிக் கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போடாதே என்று சொல்வதற்கென்றே வந்தவர்கள். முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அவர்களில் ஒருவருக்கு அதற்கு முந்திய மாதம் பல்வலி வந்தபோது முருகனிடம் விடாமல் என்னிடம்தான் வந்தார். அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரனுக்குத் திமிர் என்றார்கள்.

காவடியின் கதையையும் அங்கேதான் கேட்டேன். அவன் மனைவி பாக்கியம் பிரசவத்தின்போது உதிரப்போக்கு நிற்காமல் சாகக் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, இரவு பகலாகப் பார்த்துப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். நன்றி முருகனுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு யாரும் ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை. இரண்டு வருடம் காவடி எடுப்பதாக முனியாண்டி வேண்டிக்கொண்டான். ஒன்று எடுத்தாயிற்று, இது இரண்டாவது. இதில் விரதம் முறிந்தால் பாக்கியத்துக்கு அந்த நோய் திரும்பி வரும், இந்தத் தடவை நிற்காது என்று வாசலில் இருந்தவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். அதை அவள் காதில் விழும்படியே சொன்னார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதே சமயம் அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. ஊசிக்குப் பயந்து மறுத்தால் கோழை என்று விட்டுவிடலாம். இவன் பெண்டாட்டி பிழைக்கவேண்டும் என்று மறுக்கிறான். முட்டாள்தனத்தில் இது ஒரு தனி ரகம், ஏசுகிறவனையே ஊமையாக்கிவிடும்.

பாக்கியம் கதவோரத்தில் கைப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, முகத்தில் இன்னும் ரத்தம் ஊறவில்லை. எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்.

"டிரஸ்ஸரய்யா, அந்த நோவு வந்துருச்சுன்னா அப்புறம் மருந்து இருக்கா?"

"இல்லம்மா. வர்றதுக்கு முந்திதான் மருந்து. வந்துட்டா உலகத்துல எங்கயும் இல்ல."

"தண்ணிகூடக் குடிக்க முடியாதாமே?"

ஆமாம் என்றேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் வந்துவிட்டேன். இவள் ஒன்றும் செய்யப்போவதில்லை, வாசலில் இருக்கிற தடியன்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஐயா வருவதற்கு முன்பே அவள் அறை வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை, பின்னால் முனியாண்டி. வாசல்வரை வந்தவன் உள்ளே வரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். காவடிக் கூட்டத்து ஆட்களில் இரண்டு பேர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயா வந்ததும் பாக்கியம் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மேசையில் கிடந்த கத்தரிக்கோலைக் காட்டி அதைத் தரும்படி கேட்டாள்.

எதற்கு என்று ஐயா கேட்கவில்லை. அவள் கண் முனியாண்டியின் மணிக்கட்டில் இருந்தது. "அது வேண்டாம் பிள்ளை, புண் வெட்டினது" என்றார். கொதிநீர்த் தட்டின் மூடியைத் திறந்து, இடுக்கியால் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, ஈரம் சொட்டவிட்டு, ஆறவைத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். பெரிய டாக்டருக்கு எடுத்துக் கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பாரோ அப்படி.

முனியாண்டி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "வேணாம் பாக்கியம். உனக்குத்தான் ஆகாது."

"எனக்காகக் கட்டுனதுதான? நானே அறுக்குறேன்" என்றாள். "சாமிக்குக் கோவம் வந்தா என்னைய எடுத்துக்கட்டும். உனக்கும் தண்ணி எறங்காம, இந்தப் புள்ளையும் அனாதயா நிக்கணுமா? கையக் குடு."

அவன் கொடுக்கவில்லை. அவளே பின்னால் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக் காப்பை அறுத்தாள். அறுப்பதற்கு முன் முருகா என்று ஒரு தடவை சொன்னாள். அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு, அதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவன் அறுத்தால் அது வெறும் நூல். அவள் அடுத்த மாதமே செத்துப்போவோம் என்று நினைத்துக்கொண்டுதான் அறுத்தாள். அறுத்த கயிற்றைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். முனியாண்டி தூணோரமாக உட்கார்ந்து அழுதான். ஐயா அவனுக்கு முதுகைக் காட்டியபடி ஊசிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அழுது முடிக்கும்வரை அதில் காற்று இருப்பதாகவே அவருக்குத் தெரிந்தது.

இரண்டு வாரமும் அவளே கூட்டிவந்தாள். வயிற்றில் இன்றைக்கு வலது பக்கம் போட்டால் நாளைக்கு இடது பக்கம். போட்ட இடம் சிவந்து தடித்துக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், அதற்குப் பக்கத்தில் அடுத்ததைப் போடவேண்டும். கள் கூடாது, வெயிலில் பாரம் தூக்கக்கூடாது. இடையில் திடலில் கூட்டம் நடந்தது, சுதந்திரத் தேதியைச் சொன்னார்கள், ஊரே கத்தி ஆரவாரித்தது. அன்று காலையிலும் முனியாண்டி வயிற்றைக் காட்டிக்கொண்டு எங்கள் பெஞ்சில் படுத்திருந்தான். மகத்தன்று காவடிகள் வீதியில் போனபோதும் ஊசிக்கு வந்தான். பாக்கியத்தைத் தெருவில் யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயடியில் முறை விட மறுத்தார்கள். இந்த வீரம் எல்லாம் ஒரு கைப்பிள்ளைக்காரியிடம்.

முனியாண்டிக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நாய்க்கு உண்மையில் வெறி இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது, எரித்துவிட்டார்கள். இதைச் சொன்னால் உடனே ஒரு புத்திசாலி, அப்படியென்றால் ஊசியே தேவைப்பட்டிருக்காது அல்லவா என்று கேட்பார். கேட்டிருக்கிறார்கள். தாடை தொங்கிய நாயிடம் கையைக் கொடுத்துவிட்டு வந்து கேளுங்கள், பேசுவோம் என்பது என் பதில்.

பாக்கியமும் சாகவில்லை. இது ஊருக்குப் பெரிய ஏமாற்றம். அவளுக்கு ஒரு சளி பிடித்தால் போதும், பார், காப்பை அறுத்தது கேட்கிறது என்பார்கள். காலில் முள் குத்தினால் காப்பு, பிள்ளை பரீட்சையில் தவறினால் காப்பு. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றாள், அந்த உதிரப்போக்கு திரும்பி வரவில்லை, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. நான் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போய், பெரிய டிரஸ்ஸராகி, செல்லத்துரை ஐயா மாதிரியே ஏசக் கற்றுக்கொண்டு, ஓய்வு பெற்றுக் காஜா பேராங்குக்கே திரும்பி வந்தேன். அவள் பேரன் பேத்தி எடுத்து, பல்லெல்லாம் கொட்டி, அப்போதும் சந்தைக்குத் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். பார்த்தால் நின்று, கை எப்படி, கால் எப்படி என்று என்னை விசாரிப்பாள்.

அவள் இறந்த அன்று போயிருந்தேன். தூக்கத்தில் போய்விட்டாள், ஒரு தொல்லையும் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். முனியாண்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், பார்வை மங்கிப்போயிருந்தது, காது மட்டும் நன்றாகக் கேட்கும். பழைய லயத்து ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "காப்ப அறுத்தவளாச்சே, சாமி சும்மா விடுமா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. இவ்வளவு காலம் வைத்திருந்து எடுக்கிற சாமிக்கு அவ்வளவு என்ன வேலை நெருக்கடி என்று கேட்கத் திரும்பினேன்.

அதற்குள் முனியாண்டி பேசினான். சத்தம் போடவில்லை, அந்த அம்மாள் இருந்த பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஆமா, சும்மா விடல. இத்தன வருசம் என்கூடக் குடும்பம் நடத்த வச்சிருச்சே."